கையில ரெண்டு சுத்து

எனக்கு இங்கே பட்டப்பெயர் 'மரை'. மரை கழன்றவன் என்பதன் சுருக்கம். வைத்தவர் என் பெரியப்பா மகன், நான் பெரியண்ணன் என்று கூப்பிடுகிறவர். ஷார்ஜாவில் லாரி டிரெய்லர்களுக்கு பாடி கட்டும் ஒர்க்‌ஷாப்பில் அவர் போர்மேன், நான் வெல்டர். விசா எடுத்துக் கொடுத்து என்னை அழைத்து வந்தவரும் அவர்தான். வந்த புதிதில் ஒருநாள் கோபத்தில் கையிலிருந்த ஸ்பானரை வீசினேன். அது போய் வாட்டர் கூலரில் பட்டு, அதன் குழாய் உடைந்துவிட்டது. "இவனுக்கு மரை கழண்டுருச்சுடா" என்றார் பெரியண்ணன். அன்றிலிருந்து ரூமிலும் மெஸ்ஸிலும் நான் மரைதான். பெஷாவர்க்காரர்கள்கூட மரியாதையாக "மரை பாய்" என்று கூப்பிடுகிறார்கள். அவர்களுக்கு அர்த்தம் தெரியாது, ஏதோ சாமி பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கோபக்காரன் என்பது உண்மைதான். ஆனால் பெரியண்ணன் மேல் எனக்கு வரும் கோபம் மட்டும் ஒருநாளும் வாயைத் தாண்டி வந்ததில்லை. விசா கொடுத்தவர் தலையில் ஸ்பானரை எறிய முடியுமா? அவர் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். ஊரில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் கிணற்றுப் பங்கில் தகராறு, நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து கிடையாது. அப்படியிருந்தும் விசா கொடுத்தாரே என்று என் அம்மா அவரைப் புகழாத நாள் இல்லை. பகையாளி குடியை உறவாடிக் கெடு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள் என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

எனக்கு அந்த வருஷம் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். என் தங்கை மகளுக்குக் காது குத்தும்போது அவள் என் மடியில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கல்யாணமாகி வெகுகாலம் கோயில் கோயிலாகச் சுற்றிய பிறகு தங்கைக்குப் பிறந்த பெண் அவள். ஒரு வயதிலேயே குலதெய்வத்துக்கு முடியிறக்கிக் காது குத்தியிருக்க வேண்டும். தாய்மாமன் மடி வேண்டுமென்று எனக்காக ஒத்திப்போட்டார்கள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. மறுபடி நாள் குறித்தார்கள், அதுவும் அப்படியே போனது. தங்கையின் மாமியாருக்கு வாய் கொஞ்சம் நீளம். "துபாய் மாமன் போனுலதான் மடி குடுப்பாரு போல" என்று சொந்தக்காரர்கள் கூடியிருந்த இடத்தில் சொல்லியிருக்கிறார். தங்கை இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இந்தத் தடவையும் நீ வரலைன்னா அந்த வீட்டுல என்னால தல நிமிர முடியாதுண்ணே" என்றாள்.

குழந்தைக்கு மூன்று வயது முடியப் போகிறது. என்னை நேரில் பார்த்ததில்லை, போனில் பார்த்தால் மட்டும் அப்படி ஒரு கொண்டாட்டம். "மாமா, இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று இரண்டு காதையும் தொட்டுக் காட்டுவாள். எங்கே குத்த வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தருகிறாளாம்.

அவளுக்கு ஒரு ஜோடிக் கம்மல் வாங்கினேன். நகைக்கடையில் நின்றவர் கீழக்கரைக்காரர். "தம்பி, இது நம்மூரு ஆசாரி கைவேலை. வலது திருகாணி வலதுக்குத்தான் ஏறும், இடது இடதுக்குத்தான். மாத்திப் போட்டு முறுக்குனீங்க, மரை போயிரும்" என்றார். மரை என்ற சொல்லை ஒருவர் என்னைத் திட்டாமல் சொல்லி வெகுநாள் ஆகியிருந்ததால் அவரை எனக்குப் பிடித்துவிட்டது. வலது திருகாணியின் தலையில் ஒரு சிவப்பு நூலைச் சுற்றித் தந்தார். துபாயில் சத்வா பக்கம் ஒரு தையற்காரரிடம் போனில் இருந்த படத்தைக் காட்டி, உத்தேச அளவில் பட்டுப்பாவாடையும் தைத்து வாங்கினேன்.

எங்கள் அர்பாப், அதாவது முதலாளி, லீவு விஷயத்தில் கறார். ஒரு நேரத்தில் ஓர் ஆள்தான் போகலாம், அவன் திரும்பி வந்த பிறகுதான் அடுத்தவன். எல்லோருடைய பாஸ்போர்ட்டும் ஆபீஸ் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். இந்தத் தடவை என் முறை, அடுத்தது பெரியண்ணன். ஆனால் அர்பாப்புக்கு நடுவில் ஓர் ஆசை வந்துவிட்டது. அவருடைய அப்பா இளவயதில் ஓட்டிய ஜப்பான் மோட்டார்சைக்கிள் ஒன்று பண்ணை வீட்டில் துணி போர்த்திக் கிடந்தது. குளிர்காலம் தொடங்கும்போது சிநேகிதர்களோடு சேர்ந்து அதை ஓட்ட வேண்டும் என்றார். இன்ஜினை வேறு எங்கோ கொடுத்துச் சரிசெய்தார். "லாரியே கட்டுறோம், இது என்ன சுண்டைக்காய்" என்று பெரியண்ணன் சொன்னதால் ஃப்ரேம் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. பெயின்ட் அடித்து, எல்லாவற்றையும் திரும்பக் கோத்துக் கொடுக்க வேண்டும். "பைக் கலாஸ், இந்த்தா ரூஹ்" என்றார் அர்பாப் என்னிடம். பைக் முடிந்தால் நீ ஊருக்குப் போகலாம் என்று அர்த்தம்.

பைக் முடிந்தே போயிருந்தது. பின் ஷாக் அப்சார்பரை மாட்டுவது மட்டும்தான் பாக்கி. அதன் மேல் வளையம், ஃப்ரேமோடு பற்ற வைத்திருக்கும் ஒரு ஸ்டட்டில் மாட்டும். ஸ்டட் என்றால் விரல் நீளத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கட்டைதான். அடிப்பாகம் தடிப்பு, நுனி மட்டும் மெலிந்து அதில் மரை ஓடும். அந்த நுனியில் நட்டைப் போட்டு இறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. பழைய நட்டு பெயின்ட் அடித்த களேபரத்தில் எங்கோ தொலைந்துவிட்டது.

"பைக் ஸ்பேர் கடையில வாங்கியாந்துடுறேண்ணே, இது பொடி மரை" என்றேன்.

பெரியண்ணன் டிரெய்லர் நட்டுகள் கிடக்கும் டப்பாவில் கையை விட்டு ஒன்றை எடுத்தார். "இதுவும் பத்து எம்.எம்., அதுவும் பத்து எம்.எம். கையில ரெண்டு சுத்து ஏறுச்சுன்னா போதும்டா, மீதிய பைப்பு பாத்துக்கும்."

இது அவருடைய தாரக மந்திரம். ஸ்பானர் பிடியில் ஒரு நீளப் பைப்பைச் சொருகி முறுக்கினால் எந்த நட்டும் வழிக்கு வரும் என்பது அவர் கட்சி. துருப்பிடித்த டிரெய்லரில் அது செல்லும். மனிதர்களிடமும் அவர் அதைத்தான் செய்துவந்தார். பைக்கில் இருப்பது நெருங்கிய மரை, டிரெய்லர் நட்டில் இருப்பது அகன்ற மரை. முதல் இரண்டு சுற்று எதிலும் எதுவும் ஏறும், மூன்றாவதில்தான் தெரியும்.

அந்த நேரம் பார்த்து அர்பாப் இரண்டு சிநேகிதர்களோடு வந்து நின்றார். "யல்லா, யல்லா" என்று கையைத் தட்டினார். பார்க்க ஆள் இருந்தால் பெரியண்ணனுக்குக் கை நிற்காது. பைப்பைச் சொருகி, காலை ஊன்றி, ஒரு இழுப்பு இழுத்தார். இறுகிக்கொண்டே வந்த ஸ்பானர் திடீரென்று லேசாகிவிட்டது. நட்டு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, இருந்த இடத்திலேயே சுற்றியது. பிடுங்கி எடுத்தபோது ஸ்டட்டின் மரை முழுவதும் சுருள் கம்பியாக நட்டுக்குள் வந்துவிட்டது. நுனி மொழுக்கென்று நின்றது.

"ஷூ ஹாதா?" என்றார் அர்பாப். என்ன இது என்று கேட்கிறார்.

பெரியண்ணன் அரபியில் வெகுநேரம் பேசினார். அவர் அரபி சரளம், எனக்கு நாலு வார்த்தைக்கு மேல் வராது. பேச்சின் நடுவில் அவர் விரல் என் பக்கம் நீண்டது, அந்த பாஷை மட்டும் எனக்குப் புரிந்தது. தப்பான நட்டை எடுத்துக் கொடுத்தவன் நானாம். அர்பாப் என்னைப் பார்த்து, ஃப்ரேமைப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு, "பைக் மாஃபி கலாஸ், லீவ் மாஃபி" என்று சொல்லிவிட்டுப் போனார். பைக் முடியவில்லை, லீவும் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் என் நியாயத்தையும் பெரியண்ணன் வாயால்தான் அரபிக்கு மாற்ற வேண்டியிருந்தது.

ரூமில் கேட்டேன். அவர் பனியனை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே, "நான்னு சொன்னா என்னைய போர்மேன் வேலையிலேருந்து எறக்கிருவான்டா. உன்னைய எங்க எறக்குறது? நீ ஏற்கெனவே மரை" என்றார். ரூமே சிரித்தது.

மறுநாள் அவரே வழியும் சொன்னார். "நட்டை வெச்சு ஸ்டட்டோட பத்த வெச்சு விட்ரு. எவன் கழட்டிப் பாக்கப் போறான்?" பற்ற வைத்தால் புதுப் பெயின்ட் கருகும், ஷாக் அப்சார்பரை அப்புறம் எந்த ஜென்மத்திலும் கழற்ற முடியாது. அது தெரியவரும்போது அர்பாப் யாரை நிறுத்தி வைத்துக் கேட்பார் என்றும் எனக்குத் தெரியும். முடியாது என்றேன். "அப்ப வார லீவு நாள்ல வந்து நீயே மல்லுக்கட்டு" என்றார்.

லீவு நாள் காலையில் தனியாகப் போனேன். ஸ்டட்டைச் சுற்றி ஈரத்துணியால் ஃப்ரேமை மூடிவிட்டு, மரை போன நுனியை ஹாக்ஸா பிளேடால் அறுத்து எறிந்தேன். தடித்த அடிப்பாகம் மட்டும் நின்றது. அதன் முகத்தை அரத்தால் சமமாக ராவி, நட்டநடுவில் பஞ்ச் வைத்து ஓர் அடி. பிறகு கை டிரில்லில் முதலில் சின்னத் துளை, அதன்மேல் பெரியது. இனி அந்தத் துளையின் உட்சுவரில் புது மரை வெட்டிவிட்டால் நட்டே வேண்டாம், ஒரு போல்ட்டையும் தடித்த வாஷரையும் போட்டு முடித்துவிடலாம்.

மரை வெட்டும் டேப் இருக்கிறதே, அது கெட்டி இரும்பு, ஆனால் வளையத் தெரியாதது. கொஞ்சம் சாய்ந்தால் உள்ளேயே முறிந்துவிடும். முறிந்த டேப்பை எந்த டிரில்லும் தின்னாது, ஃப்ரேமே போயிற்று. அதோடு என் லீவும் போயிற்று, தங்கையின் மாமியார் ஜெயித்தார். எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று திருப்பினேன். பின்னே திருப்பும்போது உள்ளே இரும்புத்தூள் நறுக்கென்று உடைவது கைக்குத் தெரியும். இடையில் ஓரிடத்தில் டேப் கீச்சென்று கத்தியது. கையை எடுத்துவிட்டேன். டேப்பை முழுக்க வெளியே எடுத்து, துளையை ஊதிச் சுத்தம் செய்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். கடைசியில் போல்ட்டை விட்டுப் பார்த்தபோது விரல் நுனியாலேயே அடிவரைக்கும் ஏறியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரும் இல்லாததால் அழுதுகொண்டேன்.

பைக்கை எடுக்க அர்பாப் வந்தார். யார்டுக்குள்ளேயே நாலு சுற்று ஓட்டினார். அப்பாவின் வண்டியில் உட்கார்ந்ததும் அந்தப் பெரிய மனிதர் முகம் பள்ளிக்கூடத்துப் பையன் முகமாகிவிட்டது. இறங்கி வந்து, புது போல்ட்டை விரலால் தடவிப் பார்த்து யார் செய்தது என்று கேட்டார்.

பெரியண்ணன் என் தோளில் கையைப் போட்டார். அத்தனை வருஷத்தில் அவர் கை என் தோளில் பட்டது அதுதான் முதல் தடவை. அரபியில் கொஞ்சம் பேசிவிட்டு, எனக்கும் புரியட்டும் என்று ஹிந்தியிலும் சொன்னார். "இஸ்கா ஹாத் சோனா ஹை, அர்பாப்." இவன் கை தங்கக் கை. இந்த மாதிரி நுணுக்க வேலை எனக்கு வராது, இவன் ஒருத்தனுக்குத்தான் வரும் என்று மேலும் மேலும் சொன்னார். நான் பூரித்துப் போய் நின்றேன். அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

அர்பாப் சந்தோஷமாகத் தலையாட்டினார். பண்ணை வீட்டில் இன்னும் இரண்டு பழைய வண்டி இருக்கிறதாம், குளிர் முடிவதற்குள் அவையும் வேண்டுமாம். என்னைக் காட்டி, "இந்த்தா மாஃபி ரூஹ்" என்றார். பெரியண்ணனைக் காட்டி, "ஹாதா ரூஹ்" என்றார்.

நான் போகக் கூடாதாம், அவர் போகலாமாம். "அர்பாப், சிஸ்டர் பேபி..." என்று காதைத் தொட்டுக் காட்டினேன், மடியைத் தட்டிக் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை, பெரியண்ணனைப் பார்த்தார். பெரியண்ணன் ஏதோ சொன்னார். அர்பாப் வாய்விட்டுச் சிரித்து என் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டு, வண்டியிலிருந்து ஒரு பெட்டி பேரீச்சம்பழம் எடுத்து என் கையில் வைத்தார். பெரியண்ணன் என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"உன்னையப் பத்தி எவ்வளவு ஒசத்தியாச் சொன்னேன், பாத்தியா?" என்றார் ரூமில், பெட்டி கட்டிக்கொண்டே. "நீ ஒண்ணும் வெசனப்படாத. காதுகுத்துக்கு நான் போயிர்றேன். நானும் அவளுக்கு அண்ணன்தானடா."

அவருக்குக் கூடப்பிறந்த பெண் கிடையாது. உலகத்தில் எந்தக் குழந்தைக்கும் அவர் தாய்மாமன் இல்லை. அவர் வேட்டிக்குக் கரை பார்த்து எடுத்து மடித்து வைத்த அழகைப் பார்த்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை, கழுத்தைப் பிடிக்கலாம் என்றுதான் தோன்றியது.

நான் தங்கைக்கு போன் போடுவதற்குள் அவர் போட்டுவிட்டிருந்தார். "நீ வரலைன்னதும் எனக்கு உசுரே போச்சுண்ணே. பெரியண்ணன் வர்றேன்னுச்சு. எப்படியோ, ஒரு அண்ணன் மடி கெடச்சுதே" என்றாள். அவள் குரலில் இருந்த நிம்மதிதான் எனக்குத் தாங்கவில்லை. ரெண்டு வீட்டுப் பகையும் தீர்ந்தது என்று அம்மா கோயிலுக்கு விளக்குப் போட்டாளாம்.

கம்மல் டப்பாவையும் பட்டுப்பாவாடையையும் அவரிடம்தான் கொடுத்தனுப்ப வேண்டியிருந்தது. "அண்ணே, செவப்பு நூல் சுத்துனது வலது காது. மாத்திப் போட்டா மரை போயிரும்" என்றேன்.

"மரையே வந்து எனக்கு மரை சொல்லித் தருதுடா!" என்றார் அவர். பக்கத்துக் கட்டில்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

காதுகுத்து நாளில் நான் இரண்டாவது ஃப்ரேமைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தங்கை வீட்டுக்காரர் வீடியோ கால் போட்டார். கோயில் வாசலில் மேளம் காதைப் பிளந்தது. பெரியண்ணன் கழுத்தில் மாலையோடு மணையில் உட்கார்ந்திருந்தார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குழந்தை அவர் மடியில் இருந்தாள். நான் அனுப்பிய பாவாடை கொஞ்சம் நீளம். மாமியார் பக்கத்தில் நின்று எல்லோரையும் பார்த்து ஒரு சிரிப்பு. ஆசாரி இடது காதைக் குத்தினார், குழந்தை வீரிட்டாள். அடுத்தது வலது. கம்மலைக் கோத்துவிட்டு ஆசாரி திருகாணியை எடுக்கப் போனார். "இருங்க ஆசாரி, தாய்மாமன் கையால போடணும்ல" என்றார் பெரியண்ணன்.

தட்டில் இரண்டு திருகாணியும் கிடந்தன. நூலைக் காணவில்லை. போட்டோவில் அசிங்கமாகத் தெரியும் என்று அவர் காலையிலேயே அவிழ்த்து எறிந்தது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இடது காதில் ஒன்றைத் திருகினார், தட்டுத்தடுமாறிப் பாதியில் நின்றது. வலது காதில் மற்றதை வைத்துத் திருப்பினார். அதுவும் நின்றது. அந்தக் கட்டைவிரல் அப்படி நிற்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

"அண்ணே, மாத்துங்க! அது எடதுக்கு உள்ளது! முறுக்காதீங்க!" என்று கத்தினேன். ஒர்க்‌ஷாப்பே திரும்பிப் பார்த்தது. "மரை மறுபடி கழண்டுருச்சு" என்றான் ஒருவன். அங்கே மேளத்தில் என் குரல் யாருக்கும் கேட்கவில்லை.

ஆனால் போன் பக்கத்தில் இருந்ததால் அவர் குரல் எனக்குக் கேட்டது. "ஏறுது, ஏறுது. ரெண்டு சுத்து ஏறிருச்சு" என்றார். அப்புறம் பச்சைப் புண்ணான அந்தக் காதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு முறுக்கினார். குழந்தையின் கத்தல் மேளத்துக்கு மேல் எழுந்தது. "மாமன் கையின்னா சும்மாவா!" என்றார் மாமியார். எல்லோரும் சிரித்தார்கள். வீடியோ கால் அறுந்துபோனது.

சில நாள் கழித்துத் தங்கை கூப்பிட்டாள். குழந்தைக்கு வலது காது வீங்கிச் சீழ் வைத்துவிட்டது, காய்ச்சலும் இருந்தது. "திருகாணியக் கழட்ட முடியலண்ணே. சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. ஏறவும் மாட்டேங்குது, எறங்கவும் மாட்டேங்குது. தொட்டாலே உசுரு போற மாதிரி கத்துறா. பெரியண்ணங்கிட்ட கேட்டா, 'அவன்ட்ட கேளு, அவன் கைதான் தங்கக் கை'ங்கிறாரு. என்னண்ணே பண்றது?"

"இன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போ. அறுத்துத்தான் எடுக்கணும்" என்றேன்.

அவள் அழ ஆரம்பித்தாள். கொஞ்சம் தேறி, "நீ ஒரு வார்த்த அவட்ட பேசுண்ணே, உன்னையப் பாத்தா சமாதானமாவா" என்று போனைக் குழந்தையின் முகத்துக்கு நேரே பிடித்தாள். மொட்டைத் தலை, வீங்கிய கண், ஒரு பக்கம் சிவந்து புடைத்த காது. என்னை அடையாளம் தெரியாதவள்போலப் பார்த்தாள்.

"தங்கம், மாமா பேசுறேன்டா" என்றேன்.

மாமா என்ற சொல்லைக் கேட்டதும் அவள் இரண்டு கையாலும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, அம்மாவின் வயிற்றுக்குள் முகத்தைப் புதைத்துக் கத்த ஆரம்பித்தாள்.